குழிக்கரண்டியும் மூன்று எலுமிச்சையும்

போன வாரம் வண்ணார்பேட்டையில் ஒரு செல்போன் பழுதுபார்க்கும் கடையில் நின்றுகொண்டிருந்தேன். என் போனில் சார்ஜ் ஏறவில்லை. கடைக்காரர் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சூடான கம்பியின் முனையால் ஈயத்தைத் தொட்டார். மெல்லிசாக ஒரு புகை எழுந்தது. பிசின் கருகுகிற அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் நிமிர்ந்து பார்த்து, "என்னக்கா சிரிக்கீங்க?" என்று கேட்டார். என்ன சொல்வது? இதே வாசனைக்கு நடுவில் ஒருத்தி என் விரலில் பல்பசை தடவி ஊதிவிட்டாள் என்றா?

அந்த ஒருத்தி நீதான். நீ போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. இத்தனை நாளும் உன்னை நினைத்தால் ஆஸ்பத்திரிக் கட்டில்தான் முதலில் கண்ணுக்கு வரும். அதைத் தாண்டி அந்தப் பக்கம் என்னால் போக முடிந்ததில்லை. அன்றைக்கு அந்தக் கடை வாசலில்தான் முதல் தடவையாக நேராக அந்தக் கோடைக்குப் போய் இறங்கினேன். மறுபடி வழி மறந்துபோவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், நாம் ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்த கோடை அது. ஊருக்கு வெளியே இருந்த ஒரு பொறியியல் கல்லூரியில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு நாள் முகாம். 'நீங்களே ரோபோ செய்யலாம்' என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள். தாலுகா ஆபீஸில் வேலை பார்த்த என் அப்பாவுக்குக் கையில் கிடைக்கிற நோட்டீஸையெல்லாம் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் பழக்கம். "வீட்ல சும்மா கிடந்து என்ன செய்யப் போற? போய்ட்டு வா" என்று சேர்த்துவிட்டார். இரும்பில் செய்த ஆள் ஒருத்தன் வாசலில் நின்று வணக்கம் சொல்வான் என்று நினைத்துக்கொண்டு போனேன். வாசலில் ஒரு தண்ணீர்ப் பானைதான் இருந்தது.

உள்ளே நாற்பது பையன்கள். பெண் பிள்ளைகள் என்று பார்த்தால் நானும் நீயும் மட்டும். முகாமை நடத்திய இளம் விரிவுரையாளரை எல்லோரும் 'முகாம் சார்' என்று கூப்பிட்டோம். அவர் பிள்ளைகளை இரண்டு இரண்டு பேராகப் பிரித்தார். நம்மைக் கேட்கக்கூட இல்லை. "நீங்க ரெண்டு பேரும் ஒரு குழு" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

நீ என்னை மேலும் கீழும் பார்த்தாய். பிறகு உன் பையைத் திறந்து காட்டினாய். மேலே ஒரு கைக்குட்டை, ஊசி, வண்ண நூல்கண்டு. அதற்குக் கீழே ஒரு ஸ்க்ரூ டிரைவர்.

"எங்க வீட்ல தையல் கிளாஸுக்குப் போறேன்னு சொல்லியிருக்கேன். பாத்துக்க, நீயும் தையல் கிளாஸ்தான்."

"நான் எதுக்குளா தையல் கிளாஸ்?"

"உம்மா பஸ் ஸ்டாப்புல வச்சு உன்னக் கேட்டா, நீயும் அதச் சொல்லணும்லா?"

உன் வாப்பா சவுதியில் இருந்தார். மேலப்பாளையத்து வீட்டில் உம்மாவும் நீயும் ஐந்து வயதுத் தங்கையும்தான். நாற்பது பையன்களுக்கு நடுவில் உட்கார்ந்து வயரைப் பிடுங்கப்போகிறேன் என்று சொல்லியிருந்தால் உம்மா அனுப்பியிருக்க மாட்டார் என்பது உன் கணக்கு. ஆனால் உம்மா தினமும் சாயங்காலம், "இன்னைக்கு என்ன தச்ச?" என்று கேட்பாராமே. உனக்கு ஊசியில் நூல்கூட ஒழுங்காகக் கோக்க வராது. அதனால் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நான் அவசர அவசரமாக ஒரு கைக்குட்டையில் ஒரு பூவைத் தைத்துத் தருவேன். நீ அதைக் கொண்டுபோய்க் காட்டுவாய். பன்னிரண்டு நாளில் பதினோரு பூ. அந்த முகாமில் நான் ஒழுங்காகச் செய்த முதல் வேலை அதுதான்.

நமக்குக் கொடுத்த போட்டி இது: மேசையின் ஒரு ஓரத்தில் மூன்று எலுமிச்சம்பழங்கள் இருக்கும். எதிர் ஓரத்தில் ஒரு தட்டு. நாம் செய்கிற எந்திரம் பழங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டுபோய்த் தட்டில் போட வேண்டும். மூன்று நிமிஷம். கையால் தொடக் கூடாது; நீளமான வயரின் நுனியில் இருக்கும் சுவிட்சுகளை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். கொஞ்சம் மோட்டார், பேட்டரி, சக்கரம், தகரத் துண்டுகள் கொடுத்தார்கள். வீட்டிலிருந்தும் உதிரிச் சாமான்கள் கொண்டுவரலாம். முதல் பரிசு, கண்ணாடி அலமாரிக்குள் வைத்திருந்த ஒரு கருவிப்பெட்டி. தினமும் உள்ளே வரும்போதும் போகும்போதும் நீ அந்த அலமாரியின் முன்னால் ஒரு நிமிஷம் நிற்பாய்.

பையன்கள் அத்தனை பேரும் நண்டுக் கொடுக்கு மாதிரி ஒன்றைச் செய்ய ஆரம்பித்தார்கள். நீ மட்டும் பழத்தை மேசையில் உருட்டி உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"கவ்வுனா வழுக்கும். அள்ளணும்."

மறுநாள் வீட்டிலிருந்து ஒரு குழிக்கரண்டியைக் கொண்டுவந்தாய். அதை எந்திரத்தின் முன்னால் கை மாதிரி மாட்டினோம். ஈயம் பற்றவைப்பதற்குள் என் விரலைச் சுட்டுக்கொண்டேன். நீ விடுதிப் பக்கம் ஓடிப்போய் யாரிடமோ பல்பசை வாங்கிவந்து, விரல் முழுக்கத் தடவி, "அழாத, வாசமா இருக்கு பாரு" என்றாய். அழுகையோடு அழுகையாகச் சிரித்தேன்.

ஆறாம் நாள் நம்முடைய எந்திரத்தை முதல்முதலாக ஓட்டிப் பார்த்தோம். கரண்டிக்குள் பழம் அழகாக ஏறியது. தூக்கும் சுவிட்சை அழுத்தினாய். மோட்டார் கொசு மாதிரி முனகியது. கரண்டி அசையவில்லை. நீ பிடிவாதமாக அழுத்திக்கொண்டே இருந்தாய். கடைசியில் கரண்டி எழுவதற்குப் பதிலாக எந்திரமே பின்பக்கம் தூக்கிக்கொண்டு குப்புற விழுந்தது. "சாம்பார் ஊத்துமாளா இது?" என்று பக்கத்து மேசையில் ஒருத்தன் கேட்டான். கூடமே சிரித்தது. எனக்கு முகம் சுட்டது.

அன்றைக்குத்தான் ஒரு பையனுக்கு அம்மை போட்டுவிட்டதால் அவனுடைய கூட்டாளி தனியாக நின்றான். நல்ல எந்திரம் அவனுடையது. "யாராவது இவனோட சேர்ந்துக்கிடுதீங்களா?" என்று முகாம் சார் கேட்டார். யோசிக்கவே இல்லை, நான் எழுந்துவிட்டேன். நீ குனிந்த தலையை நிமிர்த்தாமல் சொன்னாய்:

"ஸ்க்ரூ டிரைவர் என்னோடது. வச்சிட்டுப் போ."

அங்கே போனால் அந்தப் பையன் ஒரு சுருள் தங்கநிறத் தாளை என் கையில் கொடுத்து, "நீ இத ஒட்டு" என்றான். ஒட்டினேன். எந்த வயர் எங்கே போகிறது என்று கேட்டேன். "அதெல்லாம் நான் பாத்துக்கிடுதேன்" என்றான். மறுநாள் காலையும் தங்கத் தாள்தான். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் நம் மேசைக்கு வந்து நின்றேன்.  நீ என்னைப் பார்த்தாய். ஒரு வயரின் நுனியை என் கையில் வைத்து, "இதப் பிடி" என்றாய். பிடித்தேன். அவ்வளவுதான்.

இது பல வருஷம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. உன் கல்யாணத்தன்று மன்னிப்புக் கேட்டேன். "எதுக்கு?" என்றாய். சொன்னேன். நகையெல்லாம் குலுங்க நீ சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அன்னைக்கு நீ போனதுலதான் எனக்கு ஒரு நாளாவது நிம்மதியா வேல நடந்துச்சு" என்றாய்.

எட்டாம் நாள் எல்லோரையும் பஸ்ஸில் மணிமுத்தாறு அணைக்குக் கூட்டிப்போனார்கள். பையன்கள் அருவிக்கு எப்போது போவோம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கால்வாய்க்குத் தண்ணீர் விடுகிற இரும்புக் கதவை அணை ஊழியர் ஒருத்தர் நமக்குக் காட்டினார். ஒல்லியான மனுஷர். ஒற்றை ஆளாகக் கைப்பிடியைச் சுற்றினார். அவ்வளவு பெரிய கதவு பைய மேலே எழும்பியது. நீ கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாய்.

"நான் சுத்திப் பாக்கட்டுமா?"

அவர் சிரித்துக்கொண்டே வழிவிட்டார். நீ இரண்டு கையாலும் சுற்றினாய், சுற்றினாய், சுற்றிக்கொண்டே இருந்தாய். கதவு ஒரு விரல்கடை எழும்பியது. உன் நெற்றியெல்லாம் வேர்வை. "பாத்தியாளா? சின்னப் பல்சக்கரம் நெறயச் சுத்துது, பெரிசு கொஞ்சமாச் சுத்துது. அதான் பலம்" என்று என் காதில் கத்தினாய். அருவிக்குப் போனோம். எல்லோரும் தண்ணீரில் ஆடினார்கள். நீ பாறைமேல் உட்கார்ந்து கைவிரல்களை ஒன்றுக்குள் ஒன்று கோத்துச் சுற்றிக்கொண்டிருந்தாய்.

மறுநாள் காலை பஸ்ஸில் உன் முகமே சரியில்லை. பையைத் திறந்தாய். கைக்குட்டைக்கு அடியில் சிவப்பு நிறத்தில் நான்கு சக்கரங்களும் ஒரு பல்சக்கரப் பெட்டியும் கிடந்தன.

"ஏளா, என்னது இது?"

"வாப்பா தங்கச்சிக்கு அனுப்புன ரிமோட் காரு. முகாம் முடிஞ்சதும் திரும்ப மாட்டிருவேன்."

"அவ தேடுனா?"

"கட்டிலுக்கு அடில இருக்கும், நல்லாத் தேடுன்னு சொல்லியிருக்கேன்."

பாவம், 'லாத்தா, லாத்தா' என்று அக்காவையே சுற்றிவருகிற அந்தப் பிள்ளை மூன்று நாள் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்ததாகப் பின்னால் தெரிந்தது. ஆனால் அந்தப் பல்சக்கரப் பெட்டியையும் சிவப்புச் சக்கரங்களையும் மாட்டியதும் நம்முடைய கரண்டி, அணைக்கதவு மாதிரியே பைய எழும்பியது, பழத்தோடு. நாம் இருவரும் கத்திய கத்தலில் முகாம் சார் ஏதோ ஷாக் அடித்துவிட்டது என்று ஓடிவந்தார்.

கடைசி நாள் நிறைவு விழா. நமக்குத் தெரியாத ஒரு விஷயம், கல்லூரியிலிருந்து எல்லோருடைய வீட்டுக்கும் தபாலில் அழைப்பு போயிருந்தது. போட்டி நடக்கிற கூடத்தின் வாசலில் வெள்ளைத் துப்பட்டியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, கையில் அழைப்பிதழோடும் இடுப்பில் தங்கையோடும் உம்மா நிற்பதை நான்தான் முதலில் பார்த்தேன். உன் தோளைத் தட்டினேன். திரும்பிப் பார்த்தாய்.  "போச்சு" என்றாய். அதற்குள் நம் குழுவைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அதுவரை யாரும் இரண்டு பழத்துக்கு மேல் போடவில்லை. தங்கத் தாள் ஒட்டிய எந்திரம் ஒன்றுகூடப் போடவில்லை என்பதை இங்கே சொல்லாமல் விட எனக்கு மனசில்லை. நீ சுவிட்சுப் பலகையைக் கையில் எடுத்தாய். முதல் பழம் தட்டில் விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவது பழம் கரண்டியில் ஏறியபோது இன்னும் அரை நிமிஷம் மிச்சம் இருந்தது. எந்திரம் மேசையின் பாதியைத் தாண்டியது.  அப்போதுதான் அந்தக் குரல்.

"லாத்தா! என் காரு!"

உம்மாவின் இடுப்பிலிருந்து உன் தங்கை எப்படி இறங்கினாள், எப்படி அத்தனை கால்களுக்கு நடுவில் புகுந்து வந்தாள் என்று தெரியாது. பக்கத்தில் இருந்த முக்காலிமேல் ஏறி, இரண்டு கையாலும் எந்திரத்தைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். எலுமிச்சை உருண்டு போய்த் தரையில் விழுந்தது.  பிறகு எழுந்த சிரிப்பில் கூரையே அதிர்ந்தது.

முகாம் சாரும் சிரித்தார்தான். ஆனால், "கை பட்டுட்டுதே, விதிப்படி வெளியதான்" என்றார். நீ கண்ணாடி அலமாரியைப் பார்த்தாய். நான் உன்னைப் பார்த்தேன். உம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். உன்னை அடிக்கப்போகிறார் என்று நினைத்து நான் உனக்கு முன்னால் போய் நின்றேன். அவர் நம் இருவரையும் பார்க்கவே இல்லை. நேராக முகாம் சாரிடம் போனார்.

"ஏன் சாரு, பச்சப் புள்ள ஓடி வந்தா அதுக்கு மெசினு என்ன செய்யும்?"

"அம்மா, விதின்னு ஒண்ணு இருக்குல்லா..."

"விதி இருக்கட்டும். நான் ரெண்டு பஸ் மாறி இங்கன வந்திருக்கேன். மூணாவது பழம் விழுதா இல்லையான்னு பாக்காம போக மாட்டேன்."

பின்னால் இருந்த அப்பாமார்கள் கை தட்டினார்கள். முகாம் சார் தலையைச் சொறிந்தார். "சரி, பரிசுக்குக் கிடையாது. சும்மா ஓட்டிக் காட்டுங்க" என்றார். தங்கையிடமிருந்து எந்திரத்தை வாங்குவதற்கு மூன்று மிட்டாய் ஆயிற்று. கரண்டியில் பழத்தை ஏற்றி வைத்தார்கள். நீ சுவிட்சுப் பலகையை எடுத்தாய்.  பக்கத்தில், முழங்கை படுகிற தூரத்தில், உம்மா. பலகையை என் கையில் திணித்துவிட்டாய்.

"நீ ஓட்டு."

"எனக்கு ஓட்டத் தெரியாதுளா!"

"எனக்கும் இப்பத் தெரியல. ஓட்டு."

நான் ஓட்டினேன். நேராகப் போகாமல் ஆட்டுக்குட்டி மாதிரி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒடித்துக்கொண்டு போனது. நீ என் காதருகில் "இடது, இடது, போதும், பைய, பைய" என்று சொல்லிக்கொண்டே வந்தாய். தட்டின் விளிம்பில் கரண்டி கவிழ்ந்தது. பழம் விளிம்பில் பட்டு, ஒரு சுற்றுச் சுற்றி, உள்ளே விழுந்தது. கருவிப்பெட்டி வேறு யாருக்கோ போயிற்று. ஆனால் அன்றைய பெரிய கைத்தட்டல் நமக்குத்தான்.

திரும்பும்போது பஸ்ஸில் உம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். தங்கை தூங்கிவிட்டாள். நீயும் நானும் எதிரே தலையைக் குனிந்துகொண்டிருந்தோம்.  பிறகு உம்மா கேட்டார்:

"அது நம்ம வீட்டுக் கரண்டிதான?"

"ஆமா உம்மா."

"அந்தப் பதினோரு பூவும் யாரு தச்சது?"

நான் வகுப்பில் தூக்குவதுபோலக் கையைத் தூக்கினேன். உம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லாத்தான் தச்சிருக்க" என்றார். அப்புறம்தான் நீ அழுதாய். திட்டு வாங்கியிருந்தால்கூட அப்படி அழுதிருக்க மாட்டாய்.

அந்த வார முடிவுக்குள் காரைப் பழையபடி மாட்டித் தர வேண்டும் என்பது உனக்கு உம்மா கொடுத்த தண்டனை. மாட்டினாய். ஆனால் ஏதோ இரண்டு வயரை மாற்றிக் கொடுத்துவிட்டாய். முன்னால் போகச் சொன்னால் கார் பின்னால் போனது. தங்கைக்கு அதுதான் ரொம்பப் பிடித்திருந்தது. சரிசெய்யவே விடவில்லை. கார் ஓடியதைப் பார்த்துவிட்டு உம்மா, ஒரு மாசமாக மூலையில் கிடந்த மிக்ஸியைத் தூக்கி வந்து உன் முன்னால் வைத்தாராம். "இதையும் பாரு" என்றாராம். 

அதற்கப்புறம் நீ பாலிடெக்னிக் போனாய், நான் இன்ஜினியரிங் போனேன். கல்யாணத்துக்குப் பிறகு உன் வீட்டு முன்னறையில் மோட்டார் காயில் கட்டுகிற பட்டறை வைத்தாய். மேலப்பாளையத்துப் பெண்கள் கிரைண்டரையும் தையல் மெஷினையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு உன் வாசலுக்கு வருவார்கள். பழுது பார்க்கிற நேரத்தில் அவர்கள் குடும்பக் கதை முழுவதையும் கேட்டுவிடுவாய். நோய் வந்த பிறகும் ஆறு மாசம் கட்டிலில் இருந்தபடியே பட்டறையை நடத்தினாய். அந்த நாட்களைப் பற்றி இன்றைக்கு எழுதப் போவதில்லை.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். கங்கைகொண்டான் பக்கம் தொழிற்சாலைகள் வந்தபோது அங்கே ஒன்றில் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்தேன். அந்தப் பிரிவில் நான் ஒருத்திதான் பெண். எந்த மெஷின் நின்றாலும் எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். எனக்குப் பாதி மெஷின்களின் பெயர்கூடத் தெரியாது. தெரிந்த மாதிரி தலையாட்டிக்கொண்டே ஒரு வாரம் ஓட்டினேன். ஞாயிற்றுக்கிழமை உன் பட்டறையில் வந்து உட்கார்ந்து, வேலையை விட்டுவிடப் போகிறேன் என்றேன். நீ தாமிரக் கம்பியைச் சுற்றுவதை நிறுத்தாமல் சொன்னாய்:

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லேன்ளா. நாலு நாள் சிரிப்பானுவ. அஞ்சாம் நாள் சொல்லித் தந்திருவானுவ."

மறுநாளே சொன்னேன். சிரித்தார்கள். நாலு நாள் இல்லை, ஆறு வாரம் சிரித்தார்கள். உன்னிடம் வந்து சண்டை போட்டேன். "கணக்குல நான் எப்பவுமே கொஞ்சம் முன்னப்பின்னதான?" என்றாய். ஏழாவது வாரம் ஃபிட்டர் ஒருத்தர் என்னை மெஷினுக்குப் பின்னால் கூட்டிப்போய் முதலிலிருந்து காட்டினார். அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்டதெல்லாம் அந்த ஒரு சொல்லைச் சொல்லித்தான்.

இந்தத் திங்கட்கிழமை தொழிற்சாலையில் ஒரு கூட்டம். புதிதாக வாங்கப்போகும் மெஷினைப் பற்றி வெளியூரிலிருந்து வந்தவர் ஒரு மணி நேரம் பேசினார். மேசையைச் சுற்றி இருந்த எல்லோரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். நான் கையைத் தூக்கினேன். "எனக்கு ஒண்ணும் புரியல. முதல்ல இருந்து சொல்லுங்க" என்றேன். தலைகள் ஆடுவது நின்றது. பிறகு பொது மேலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "எனக்கும் புரியலம்மா. நல்ல வேளை, நீங்க கேட்டீங்க" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. நான் மட்டும்தான் சிரித்தேன். அது உனக்காக.